பர்மனென்ட் ஆட்களுக்கு இரண்டு நிமிடம்

உன் ஆலையின் நிர்வாகம் நேற்று எழுத்துமூலம் பதில் தந்துவிட்டது. தொழிலாளர் துறைச் சமரச அலுவலர் முன் தாக்கல் செய்த இரண்டு பக்கக் கடிதம். நகலைத் தொழிலாளர் தரப்பு வழக்கறிஞரிடம் வாங்கினேன். அலுவலர் மேசையிலிருந்த மூலத்தோடு ஒப்பிட்டும் பார்த்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். தமிழில் இப்படி வரும்: "இறந்தவருக்கு எங்கள் வளாகத்துடன் தற்காலிகத் தொடர்பு மட்டுமே இருந்தது. பர்மனென்ட் ஊழியர்களுக்கான இரங்கல் நடைமுறை அவருக்குப் பொருந்தாது."

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் இன்னொரு பிரதி எடுத்து, வாசலிலேயே நின்று மறுபடி படித்தேன். தாள் சூடாக இருந்தது. கருகிய மாதிரியான அந்த மை வாசனை விரலில் ஒட்டிக்கொண்டது. எதிரே ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. ஒவ்வொருவர் கழுத்திலும் அடையாள அட்டையின் பட்டை, பட்டையில் ஒரு நிறம். எந்த நிறம் எந்த ரக ஊழியர் என்று எனக்குச் சொல்லித்தந்தவன் நீ. தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

இரங்கல் நடைமுறை. யாரோ ஒருவர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து இதற்கு விதி எழுதியிருக்கிறார். யார் செத்தால் நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், யார் செத்தால் நிற்காமல் வேலையைப் பார்க்க வேண்டும் என்று வகுத்திருக்கிறார். வகுத்ததை நாலு பேர் படித்து, சரி என்று ஒப்பமிட்டிருக்கிறார்கள்.

உனக்காக நின்ற ஏழு பேரில் ஆறு பேர் இன்று ஆலைக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களைத் திரும்ப உள்ளே விடுவார்களா என்பதுதான் இப்போது நடக்கிற பேச்சு. செய்தியாக எழுத வேண்டியதை எழுதி அனுப்பிவிட்டேன். அதில் நிர்வாகம் சொன்னதற்கும் தொழிலாளர்கள் சொன்னதற்கும் சமமாக இடம் கொடுத்திருக்கிறேன். இத்தனை வருடமும் அப்படித்தான் கொடுத்தேன். உனக்கு எழுதும் இதில் அந்தச் சமம் கிடையாது.

பர்மனென்ட். காலத்தைப் பற்றிய சொல் என்று அகராதி சொல்கிறது. நீடித்திருப்பது, மாறாதது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் அந்தச் சொல் காலத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அது ஆளைப் பற்றிப் பேசும். வீட்டு வாடகைக்குப் போனால் பேசும். கடனுக்குப் போனால் பேசும். உன் விஷயத்தில் பெண் பார்க்கப் போன இடத்திலும் பேசியது.

நீயும் நானும் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்த காலம் அது. ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டச் சேர்ந்து உனக்குக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒரு ஞாயிறு காலை, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு வந்து என் கதவைத் தட்டினாய்.

"யோவ் பேப்பரு, சட்டைய மாத்து. பென்னலூருக்கு பொண்ணு பாக்கப் போறோம்."

"நான் எதுக்குய்யா?"

"எங்க சைடுல கண்ணாடி போட்ட ஆளு ஒருத்தன் வேணும். பாக்கறதுக்கு மரியாதியா இருக்கும்."

ஸ்டெல்லாவின் வீட்டில் கேசரி வந்தது, மிக்சர் வந்தது. உனக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸ்டெல்லாவின் அம்மா காப்பித் தம்ளரை உன் கையில் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"புள்ள பர்மனென்ட்டா?"

"இல்லம்மா. டெம்பரவரி."

"எப்போ பண்ணுவாங்க?"

"பண்ணுவோம் பண்ணுவோம்னு சொல்லிகினு கீறாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பேப்பர்ல கீறீங்களாமே. நீங்க சொல்லுங்க சார், பண்ணுவாங்களா?"

நான் தொண்டையைச் செருமுவதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அவரு பேச்ச நம்பாதீங்கம்மா. அவரே பேப்பர்ல டெம்பரவரி."

உள்ளறையில் ஒரு பெண் சத்தமாகச் சிரித்தது கேட்டது. கல்யாணம் அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது என்று பிற்பாடு நீ சொல்வாய். ஸ்டெல்லாவின் அம்மாவுக்குத்தான் கடைசிவரை மனக்குறை. கோயிலில் மோதிரம் மாற்றியபின் நீ மெல்லத் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கைக்கு ஆர்டர் வந்துச்சுய்யா, இது பர்மனென்ட்டு" என்றாய். சாமியார் உன்னை முறைத்தார்.

அடுத்து அந்தச் சொல் உன் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது வந்தது. நானும் கூட வந்திருந்தேன். விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம். நீ உன் பழைய ஊரின் கதவு எண்ணையும் தெருவையும் எழுதினாய். அந்தத் தெரு இருந்த இடத்தில்தான் உன் ஆலை நிற்கிறது. நிலம் போனதற்காக நீ அழுததில்லை. "கேவுரு வெதச்சு இன்னாத்த கண்டோம், போய்த் தொலையட்டும்" என்பாய். வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை என்று அப்போது சொன்னார்கள். என்ன மாதிரி வேலை என்று சொன்னவர்கள் விளக்கவில்லை, கேட்டவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பள்ளி அலுவலகத்து அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தத் தெரு எங்கப்பா இருக்கு?"

"கம்பெனிக்குள்ள கீதும்மா. வண்டி நிறுத்தற யார்டு."

"அப்போ இது அட்ரஸே இல்லையே."

"அட்ரஸ் இல்லாமயா நான் தெனம் போய்ட்டு வரேன்?"

அவர் சிரித்துவிட்டு, வாடகை வீட்டு முகவரியையே இரண்டு கட்டத்திலும் எழுதச் சொன்னார். வெளியே வந்து பைக்கை உதைத்துக் கிளப்பும்போது நீ சொன்னாய்: "இன்னா பேஜாரு பாருய்யா. என் பர்மனென்ட் அட்ரஸுக்குள்ள போறதுக்கு எனக்கு டெம்பரவரி பாஸு." நாம் இருவரும் சிரித்தோம். சுங்குவார்சத்திரம் வரும்வரை சிரித்தோம். எப்படிச் சிரித்தோம் என்று இப்போது எனக்குப் புரியவில்லை.

இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் நானூற்று எண்பது நாள் ஒரே இடத்தில் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். சட்டம் இருப்பதால்தான் 'பிரேக்' இருக்கிறது. நாள் நெருங்கும்போது சூப்பர்வைசர் உன்னைக் கூப்பிட்டு, சில வாரம் வீட்டில் இரு என்பார். நீ இருப்பாய். பிறகு வேறு ஒரு ஒப்பந்ததாரரின் ஆளாக, புது எண்ணோடு, புதுப் பட்டையோடு உள்ளே போவாய். அதே வண்டி. உன் உடம்பு அழுந்திப் பள்ளமான அதே இருக்கை. ஆனால் நீ அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவன். ஒன்பது வருடமும் இப்படியே போனது. "மறுபடி பொறந்துகீறேன் பேப்பரு, கேக்கு வெட்டு" என்று டீக்கடைக்கு வந்து நிற்பாய். நான் உனக்கு ஒரு பன் வாங்கித் தருவேன்.

புதிதாகச் சேர்ந்தவன் என்பதால் ஒவ்வொரு முறையும் உனக்கு வண்டி ஓட்டும் சோதனையும் உண்டு. சோதிப்பவர் தயாளன். உன்னோடு அதே லோடிங் பகுதியில், அதே மாதிரி வண்டி ஓட்டுகிறவர். வயதும் ஒன்றுதான். அவர் பர்மனென்ட். வளைவில் திரும்பும்போது ஹார்ன் அடிக்க வேண்டும் என்பது விதி. உன்னைச் சோதிக்கும் நாளில் தயாளன் சுவர் பக்கமாகத் திரும்பி நின்றுகொள்வாராம்.

"ஹார்ன் அடிச்சியா மச்சான்?"

"அடிச்சேன் சார்."

"சார்னு சொன்னா ஃபெயிலு."

"அடிச்சேன்டா டேய்."

"பாஸு. போய் வேலையப் பாரு."

இதை நீ சொல்லிக் கேட்டிருக்கிறேன், தயாளன் சொல்லியும் கேட்டிருக்கிறேன். ஒரு எழுத்து மாறாது.

சென்ற ஆண்டு அசெம்பிளி பகுதியில் பர்மனென்ட் ஊழியர் ஒருவர் நோயில் இறந்தார். அன்று சைரன் ஒலித்தது. உற்பத்தி லைன் நின்றது. எல்லோரும் இருந்த இடத்திலேயே இரண்டு நிமிடம் நின்றார்கள். அடக்கத்துக்குப் போக விரும்பியவர்களுக்குக் கம்பெனி பஸ் விட்டார்கள், மலர்வளையம் வைத்தார்கள். நீயும் வண்டியை அணைத்து, இறங்கி, தலையைக் குனிந்து நின்றிருக்கிறாய். அன்று மாலை என்னிடம், "நல்லா செஞ்சாங்கய்யா. மெய்யாலுமே நல்லா செஞ்சாங்க. செத்தவனுக்கு ஒரு மரியாத வேணும்ல?" என்றாய். அந்த மரியாதைக்குள் நீ இருக்கிறாயா என்று உனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இருக்கிறோம் என்றே நினைத்திருப்பாய். அதை நினைக்கும்போதுதான் எனக்குப் பொறுக்க முடிவதில்லை.

நீ போன விதத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லப் போவதில்லை. வண்டியிலிருந்து இறங்கினாய். அடுக்கியிருந்த பெட்டிகள் மேல் சாய்ந்தாய். கூட வண்டி ஓட்டும் முருகேசனிடம் தண்ணீர் கேட்டாய். அவன் பாட்டிலைத் திறந்து நீட்டும்போது நீ அதைப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. மாரடைப்பு என்று மருத்துவமனைச் சான்று சொல்கிறது. ஆலையின்மேல் அந்த வகையில் நான் எந்தப் பழியும் போடவில்லை. மனிதன் சாவது நடக்கும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

மறுநாள் பிற்பகல் அடக்கம். காலை ஷிப்டில் லோடிங் பகுதி ஆட்கள் சேர்ந்து தயாளனை மனிதவள அதிகாரியிடம் அனுப்பினார்கள். பர்மனென்ட் ஆள் பேசினால் காதில் விழும் என்று முருகேசன்தான் யோசனை சொன்னானாம். முருகேசன் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். ஒப்பந்தத்தில் இருப்பவன். உன் வீட்டில் பாதி நாள் சாப்பிட்டவன். அவர்கள் கேட்டது இரண்டு: அதே இரண்டு நிமிடம், அடக்கத்துக்கு ஒரு பஸ்.

தயாளன் எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன்.

"சார், நேத்து செத்தது நம்ம ஆளு சார்."

"வருத்தமா இருக்கு தயாளன். ஆனா அவர் நம்ம பே-ரோல்ல இல்லையே. கான்ட்ராக்டர்கிட்ட பேசச் சொல்லுங்க."

"ஒம்போது வருஷம் இங்கதான் சார் ஓட்டினான்."

"ரெக்கார்டுல அப்படி இல்ல. இந்தத் தடவை அவர் சேர்ந்து அஞ்சு மாசம்தான் ஆகுது."

ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே ஆள் அனுப்புகிறவன், உள்ளே லைனை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்றார் அவர். அதுவும் உண்மைதான். சங்கத்தில் கேட்டார்கள். "நாங்க கேட்டா நாளைக்கு கான்ட்ராக்ட் ஆளுங்க எல்லாருக்கும் கேக்கணும், அவரு மெம்பரும் இல்லியே" என்றார் ஒரு நிர்வாகி. இந்த மூன்று பேரில் ஒருவரும் உன்னைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனுஷன் என்றே எல்லாரும் சொன்னார்கள்.

இனி நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. தயாளனும் முருகேசனும் தனித்தனியாகச் சொன்னது ஒத்துப்போகிறது. மதில் ஓரத்து டீக்கடைக்காரர் தன் காதால் கேட்டதும் அதோடு ஒத்துப்போகிறது. லோடிங் பகுதியில் அன்று ஏழு வண்டிகள். ஏழையும் ஒரே வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முட்கரண்டி போன்ற முன்பகுதியைத் தரையோடு தாழ்த்தினார்கள். அதுதான் நிறுத்தும் முறை. சைரன் அவர்கள் கையில் இல்லை. ஹார்ன் இருந்தது. ஏழு பேரும் ஒரே நேரத்தில் அழுத்தி, இரண்டு நிமிடம் கையை எடுக்கவில்லை. "லாரிக்காரனுங்கல்லாம் இறங்கி நின்னுட்டானுங்க சார். இன்னா ஏதுன்னு தெரியாமயே தலப்பாவக் கழட்டிட்டான் ஒருத்தன்" என்றார் தயாளன்.

அதற்குப் பின் அவர்கள் செய்ததுதான் அவர்களைக் கவிழ்த்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் இருக்கையை விட்டு இறங்கினால் சாவியை வண்டியில் விடக் கூடாது. அது நீயே புது ஆட்களுக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்த விதி. ஏழு பேரும் சாவியை எடுத்து ஷிப்ட் பொறுப்பாளர் கையில் கொடுத்து, அடக்கத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். ஒவ்வொருவராகச் சாப்பாட்டு நேரத்தில் நழுவியிருந்தால் அரை நாள் விடுப்போடு போயிருக்கும். சேர்ந்து சாவியைக் கொடுத்ததால் அது திட்டமிட்ட வேலைநிறுத்தம் என்று நிர்வாகம் எழுதியிருக்கிறது. நேற்றைய கடிதத்தின் இரண்டாம் பக்கம் முழுக்க அதுதான்.

சாலைக்கு வந்து ஷேர் ஆட்டோ பிடித்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு அவர்கள் வந்தபோது நான் அங்கே இருந்தேன். சீருடையோடு வந்தார்கள். ஒருவன் தலையில் மஞ்சள் ஹெல்மெட்கூட அப்படியே இருந்தது. கழற்ற மறந்து மண் அள்ளிப் போட்டான். உன் பெட்டியை இறக்கிய எட்டுக் கைகளில் இரண்டு தயாளனுடையவை, இரண்டு முருகேசனுடையவை.

மறுநாள் காலை கேட்டில் ஆறு பேரின் பாஸ் வேலை செய்யவில்லை. தயாளனின் அட்டை வேலை செய்தது. அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஆறு பேருக்கு அதுகூட இல்லை. உங்களை அனுப்ப வேண்டாம் என்று ஒப்பந்ததாரரிடம் சொல்லியாகிவிட்டது, இங்கே நிற்காதீர்கள் என்றார் காவலாளி. ஏழு பேர் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்தார்கள். ஒருவருக்குக் கடிதம், ஆறு பேருக்குக் கதவு. பர்மனென்ட் என்ற சொல்லின் பொருளை இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் எழுதாது.

முருகேசன் அன்று என்னைத் தேடி வந்தான். "அண்ணாச்சி, நாங்க என்ன திருடுனமா, அடிச்சமா? கூட வேல செஞ்ச மனுஷன் செத்துட்டாரு, மண்ணு போடப் போனோம். ஊர்ல அம்மாட்ட என்னத்தச் சொல்லுதது? எளவுக்குப் போனதுக்கு வேல போச்சுன்னா நம்புமா அது?" என்றான். டீ சொன்னேன். அவன் குடிக்கவில்லை.

மனிதவள அதிகாரியிடம் தொலைபேசியில் கருத்துக் கேட்டேன். என் தொழில் அது. கேட்டாக வேண்டும்.

"சார், நீங்க சீனியர். இதை எமோஷனலா எடுத்துக்காதீங்க. பாலிசின்னு ஒண்ணு இருக்கு."

"கான்ட்ராக்ட் ஆள் செத்தால் பாலிசி என்ன?"

"அதுக்குத் தனியா பாலிசி இல்ல."

"அப்படியானால் எந்தப் பாலிசியை அவர்கள் மீறினார்கள்?"

"இதை கோட் பண்ணாதீங்க சார்" என்றார். கோட் பண்ணினேன். அப்படிக் கேட்டுக்கொள்வதற்கு முன்னால் அவர் சொன்னதை மட்டும் எழுதினேன். அது என் விதி. அதை நான் யாருக்காகவும் மீறியதில்லை, உனக்காகவும் மீறவில்லை. ஆனால் அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. கெட்டவரின் குரல் இல்லை அது. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிறதே என்கிற குரல்.

முப்பதாம் நாள் பூசைக்கு உன் வீட்டுக்குப் போயிருந்தேன். பூசை முடிந்ததும் கோயில் உதவியாளர் ஸ்டெல்லாவிடம் வந்தார். தயங்கித் தயங்கிப் பேசினார், அவர் நல்ல மனிதர். கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு. மண் கல்லறையென்றால் சில வருடம் கழித்து அதே இடத்தில் இன்னொருவரை வைப்பார்கள். சிமெண்ட் கட்டிக் கல் பதித்தால் யாரும் தொட மாட்டார்கள்.

"நீங்க முடிவு பண்ணிச் சொல்லணும்மா. டெம்பரவரியா, பர்மனென்ட்டா?"

எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. அந்த மனிதர்மேல் கத்தியிருப்பேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தாள். பென்னலூரில் உள்ளறையிலிருந்து சிரித்த அதே பெண். இப்போது அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"மண்ணே இருக்கட்டும்ணா" என்று உதவியாளரிடம் சொன்னாள். "அடுத்து யாருனா வந்தா எடம் குடுங்க. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பர்மனென்ட் பண்ணுங்கன்னு அவரு கேட்டது கம்பெனிகிட்ட. கோயில்கிட்ட இல்ல."

அவர் போன பிறகு என்னிடம் வேறொன்று கேட்டாள். "அந்த ஆறு பேருல ரெண்டு பேருக்கு சின்னக் கொழந்த கீதுண்ணா. இவரு செத்ததால அவங்க வூட்ல அடுப்பு நின்னுச்சுன்னா, நான் எந்த மூஞ்சோட கோயிலுக்குப் போறது? அவங்கள உள்ள எடுக்கச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். மன்னிப்புகூட வேணாம்."

உன்னைப் பற்றி யோசிக்கும்போது ஒன்று எனக்குப் புலப்படுகிறது. நீ கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. பிரேக் கொடுத்தால் பிறந்தநாள் என்றாய். ஊர் போனால் கேவுரு போச்சு என்றாய். முகவரி போனால் பைக்கில் சிரித்தாய். உன்னோடு சேர்ந்து நானும் சிரித்துச் சிரித்து, இதெல்லாம் சகஜம் என்று நம்பிவிட்டேன். ஒன்பது வருடம் நீ பட்டிருக்க வேண்டிய கோபம் எங்கே போனது என்று இப்போது தெரிகிறது. அது கெட்டுப்போகாமல் அப்படியே இருந்திருக்கிறது. நீ போன பிறகு என்னிடம் வந்திருக்கிறது. நான் அதை யாரிடமும் இறக்கி வைக்கப் போவதில்லை. வயதாகிவிட்டது, ரத்த அழுத்தம் வரும், விட்டுவிடுங்கள் என்கிறாள் என் மகள். விட முடியவில்லை. உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்து சட்டை மாட்டுகிறேன்.

நிலவரம் இது. சமரச அலுவலர் முன் இதுவரை இரண்டு அமர்வு நடந்திருக்கிறது. ஒப்பந்ததாரர் இரண்டுக்கும் வரவில்லை. நிர்வாகத்தின் பதில் வந்துவிட்டது. தொழிலாளர் தரப்பிடம் அலுவலர் ஒரே ஒரு சாட்சியத்தைக் கேட்டிருக்கிறார். பர்மனென்ட் ஊழியருக்காக லைன் நின்றது, சாவிகள் ஒழுங்காக ஒப்படைக்கப்பட்டன என்று உள்ளேயிருந்து ஒருவர் சொல்ல வேண்டும். அன்று சாவி கொடுத்தவர்களில் இன்னும் உள்ளே இருப்பவர் தயாளன் ஒருவர்தான். சங்கம் அவரிடம் போகாதே என்றிருக்கிறது. அவர் மனைவி இரண்டு நாளாக அவரோடு பேசவில்லையாம்.

இன்று காலை அவரைக் கூப்பிட்டேன். நிருபராகத்தான் கேட்டேன்.

"போவீங்களா தயாளன்?"

"தெர்ல சார்." அப்புறம், "பத்து வருஷம் சர்வீஸ் சார். வூட்டு லோன் கீது. அம்மாவுக்கு டயாலிசிஸ் கம்பெனி கார்டுலதான் ஓடுது" என்றார்.

"புரியுது."

"உங்களுக்குப் புரியாது சார். அன்னிக்கு ஹார்ன் அடிச்சப்போ எனக்கு பயமே இல்ல. இப்போ கேட்ல கார்டு வெக்கறப்பல்லாம், பச்ச லைட் வர்ற வரிக்கும் மூச்சு வுட மாட்டேன். பர்மனென்ட்டுனா இதான் சார்." பிறகு, "எழுதிக்காதீங்க" என்றார். இதைச் செய்தியில் எழுதவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அடுத்த அமர்வு வரும் மாதம் இரண்டாம் வாரம் என்று அலுவலர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தில் அறிவிப்பு இந்த வார இறுதிக்குள் வர வேண்டும். ஒப்பந்ததாரருக்கு மூன்றாவது முறையாக அழைப்பு போகிறது. அன்றும் தீராவிட்டால் விவகாரம் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும். போனால் எத்தனை வருடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதுவரை ஆறு பேரும் வெளியே. முருகேசன் ஊருக்குப் போகாமல் இங்கேயே ஒரு லாரி ஷெட்டில் மூட்டை ஏற்றுகிறான். தயாளன் வருவாரா என்பது உறுதியாகவில்லை.